காலமறிந்து தூண்டில் இடுக

இணுவிலூர்ப் பழைய மாணவன் ஒருவன்

திருக்குறளின் பொருட்பாலிலே ‘காலமறிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. அரசர்க்கும் அமைச்சர்க்கும் உரிய அரிய உண்மையை விளக்கவந்த வள்ளுவர், அவ்வதிகாரத்தின் முடிவிலே நீர்க்கரையில் நிற்கும் கொக்கை நமக்கு ஆசிரியனாக நிறுத்துகின்றார். எங்கள் வகுப்பிலே மணியடித்த பின்னர் நுழையும் மாணவனைப் பார்த்து, “கொக்குக்குத் தெரிந்தது உனக்குத் தெரியவில்லையோ?” என்று எம் தமிழாசிரியர் கேட்பார். அக்கேள்விக்குப் பலமுறை ஆளானவன் நான். காலந்தாழ்த்தி வந்தமைக்கு அன்று தலைகுனிந்தேன். காலமல்லாக் காலத்தில் முந்திச் சென்றமைக்குப் பிற்காலத்தில் அதனினும் மிகுதியாகத் தலைகுனிய நேர்ந்தது. அந்த இரண்டாவது தலைகுனிவைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன்.

விழா ஆண்டையொட்டி மேல்வகுப்பு மாணவரை மலைநாட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றும், அங்கே நுவரெலியாப் பகுதியிலுள்ள ஓடைகளில் ட்றவுட் என்னும் மீனைப் பூச்சித் தூண்டிலிட்டுப் பிடிக்கும் கலையையும் அவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றும் பழைய மாணவ அன்பர் சிலர் பேசிக்கொள்ளக் கேட்டேன். நல்ல எண்ணம், மகிழ்ச்சி. ஆயினும், பயணத்துக்கு அவர்கள் குறித்த காலம் சித்திரை விடுமுறை. அது வாய்க்காவிடின் ஆவணியில் வரும் விடுமுறை. விடுமுறை எப்போது என்பதை மட்டும் நோக்கிக் குறித்த காலம் இது. மழை எப்போது, வெள்ளம் எப்போது, மீனின் இயல்பு யாது என்பவற்றை நோக்கிக் குறித்ததன்று. இதனை மாற்றுதல் வேண்டும் என்பதே என் துணிபு.

“இணுவிலான் மீன்பிடியைப் பற்றி எழுதுவதா?” என்று நண்பர்கள் நகைப்பர். நகைத்தற்கு இடமுண்டு. எம்மூருக்குக் கடலில்லை, ஆறுமில்லை. மேற்கே ஓடும் வழுக்கையாறு மாரியில் மட்டுமே ஆறு. கோடையில் அது மாடு மேயும் தரவை. ஊரோ கந்தசுவாமி கோயில் மஞ்சத்துக்கும், நாதசுரத் தவில் இசைக்கும், செம்மண் தோட்டங்களுக்கும் பேர்போனது. வீட்டிலே பிள்ளையார் கதைக்கும் கந்தசட்டிக்கும் விரதம் காத்த குடும்பத்தில் பிறந்தவன் யான். எனினும் ஒன்று சொல்வேன். காலமறிதலை எமக்குக் கற்பிக்கக் கடல் வேண்டுவதில்லை. மாரி ஓயுமுன் புகையிலைக் கன்றை நட்டவன் அழுகற் கன்றைப் பிடுங்குவான். மிகப் பிந்தி நட்டவன் கிணற்றில் நீர் வற்ற வற்றத் துலா மிதிப்பான். வானத்தைப் பார்த்து வேலை தொடங்குதல் எம்மூர்த் தோட்டக்காரனுக்குப் பால்குடியோடு வந்த பழக்கம். அப்பழக்கத்தை ஊரிலே விட்டுவிட்டு உத்தியோகத்துக்குப் போனதே என் பிழை.

பூச்சித் தூண்டில் என்பது யாது? மண்புழுவோ இறாலோ கோத்து நீரிலே கிடத்தும் தூண்டிலன்று அது. சிறு முள்ளிலே இறகையும் நூலையும் மயிரையும் சுற்றி, நீர்மேல் வந்தமரும் ஈயைப் போலவும், நீருள் வளரும் அதன் இளமைப் பருவத்தைப் போலவும் ஒரு போலிப் பூச்சியைச் செய்வர். அதற்கு நிறையில்லை, ஆதலால் கல்லைப் போல் அதனை எறிதல் இயலாது. நிறையுள்ள நூலையே கோலினால் முன்னும் பின்னும் வீசி, அந்நூலின் ஓட்டத்தோடு பூச்சியைப் பறக்கவிட்டு, ஓசையின்றி நீரில் இறக்குதல் வேண்டும். பழைமையுடைய கலை இது. கி.பி. 200ஐ அண்டி வாழ்ந்த ஈலியன் என்னும் உரோம நாட்டு அறிஞர், மக்கெடோனியாவின் ஆறொன்றிலே செந்நிறக் கம்பளியும் சேவலின் கழுத்திறகும் கட்டிய முள்ளால் புள்ளியுடைய மீன்களைப் பிடித்தவரைப் பற்றி எழுதியுள்ளார். ஆங்கில நாட்டில் 1496ஆம் ஆண்டு அச்சேறிய தூண்டில் நூலொன்று பன்னிரண்டு வகைப் போலிப் பூச்சிகளைக் கூறுகின்றது. அவற்றை அது இன்ன மாதத்துக்கு இன்ன பூச்சி என்று மாதவாரியாக வகுத்திருத்தல் கவனித்தற்குரியது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கலையின் முதற்பாடம் பருவமே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இம்மீன் நம் நாட்டுக்கு உரியதன்று. தோட்டத்துரைமார் தம் நாட்டு நினைவை ஆற்றிக்கொள்ள 1880களில் ஐரோப்பியப் பழுப்பு ட்றவுட்டின் முட்டைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். பின்னர் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்குரிய வானவில் ட்றவுட் வந்தது. நம் மலையோடைகளில் வேரூன்றி இனம்பெருக்கியது இவ்விரண்டாவதே. நீலகிரியிலும் அவ்வாறே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய முயற்சிகள் பல தோற்ற பின்னர், வில்சன் என்பார் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். அங்கு வளர்க்கக் கொண்டுசென்ற வானவில் ட்றவுட் இனத்தில் இலங்கையிலிருந்து போனதும் உண்டு. நமக்கும் நீலகிரிக்கும் உள்ள உறவுகளில் இம்மீனுறவும் ஒன்று.

குளிர்நீரிலன்றி இம்மீன் வாழாது. அதன் காரணத்தை விஞ்ஞான மாணவர் எளிதில் உணர்வர். நீர் குளிரக் குளிர அதிற் கரையும் உயிர்வாயு மிகும். கடன்மட்டத்தில், 10 பாகை செல்சியசு வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 11 மில்லிகிராம் உயிர்வாயுவைக் கொள்ளும். 25 பாகையில் 8 மில்லிகிராமை அண்டியே கொள்ளும். 20 பாகைக்கு மேற்பட்ட நீரில் ட்றவுட் இளைக்கும். அந்நிலையில் அதனைத் தூண்டிலிட்டு இழுத்து ஆட்டிப் பின்னர் விட்டாலும் பிழைத்தல் அரிது. கடன்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலும், 2,100 மீற்றருக்கும் மேற்பட்ட ஹோட்டன் சமவெளியிலும் இம்மீன் நிலைத்தமைக்கு அவ்விடத்துக் குளிரே காரணம். இனி, அம்மலைநாட்டின் ஆண்டு எவ்வாறு நடைபெறுகின்றது என்பதைப் பார்ப்போம்.

நம் நாட்டு வானிலையாளர் ஆண்டை நான்காகப் பகுப்பர். மார்ச்சும் ஏப்பிரலும் முதலாவது இடைப்பருவம். மே முதல் செத்தெம்பர் வரை தென்மேற்குப் பருவம். ஒற்றோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். திசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். யாழ்ப்பாணத்தார்க்கு மழையென்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஆனியும் ஆடியும் நமக்குப் புழுதி பறக்கும் சோளகக் காலம். இவ்வழக்கமே மலைநாட்டிலே நம்மை ஏமாற்றுகின்றது. நம் வாசலிலே சோளகம் புழுதியை வாரி இறைக்கும் அதே நாளில், அதே காற்று மேற்கு மலைச் சரிவுகளில் முகிலை மோதிக் கொட்டுமழையாய்ப் பொழிகின்றது. ஊரிலே வானம் வெளித்திருத்தல் கண்டு மலைக்குப் புறப்படுதல் பேதைமை.

ஆனி, ஆடி ஆகாது. ஐப்பசி, கார்த்திகையோ இருபுறமும் மழை பெய்யும் காலம். புயலும் அப்போதே எழும். 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின் வெள்ளத்திலும் மண்சரிவிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டதையும், மலைநாடு பட்ட பாட்டையும் நாம் மறத்தற்கில்லை. மார்கழியில் மலையெங்கும் ஈரமும் பனிமூட்டமும் மிகுதி. தை பிறந்தபின் மெல்ல மெல்ல மழை குறைகின்றது. தையின் பிற்பகுதி முதல் பங்குனியின் முற்பகுதி வரை, அஃதாவது பெப்ரவரி தொடங்கி மார்ச்சு நடுப்பகுதி ஈறாக, நுவரெலியாவில் ஆண்டின் மிக வறண்ட காலம். அதிகாலையில் புல்லின்மேல் உறைபனி படிவதுமுண்டு. வெயில் ஏற அது கரையும். அக்காலத்தில் ஓடை தெளிந்திருக்கும்; அடியிலுள்ள சரளைக்கல்லை எண்ணலாம். நீரை எதிர்த்து முகம் வைத்து நிற்கும் மீனையும் காணலாம். போலிப் பூச்சியை மீன் கண்ணாற் கண்டே எழுதல் வேண்டும் ஆதலின், கலங்கிய நீரில் இக்கலைக்கு இடமேயில்லை. ஆகவே மாசி மாதமே தக்க காலம் என்பது என் கருத்து.

சித்திரைக்கு என்ன குறை என்பர். சித்திரை நுவரெலியாவின் கொண்டாட்டக் காலம். பூக்காட்சியும் குதிரையோட்டமும் உண்டு. நாட்டின் நாற்றிசை மக்களும் அங்கே கூடுவர். அறை வாடகை ஏறும். தெருவில் நடத்தல் அரிது. இவை பணத்தாலும் பொறுமையாலும் தாங்கத்தக்க குறைகள். தாங்கத்தகாத குறை வேறொன்று. சித்திரையிலே காலை வானம் பளிங்குபோல் இருக்கும். நண்பகலுக்குப் பின் முகில் திரண்டு இடியும் மின்னலுமாய் மழை கொட்டும். கையிலே நீண்ட கோலுடன் வெட்டவெளியில் நீரிலே நிற்பவனை மின்னல் தேடிவரும். வெள்ளமோ, மழை பெய்யாத இடத்துக்கும் ஓடிவரும். இதனை நூலிற் படித்து நான் அறிந்தவனல்லன்.

1978ஆம் ஆண்டு ஆடி மாதம். மலைநாட்டு அலுவலகமொன்றில் யான் எழுதுவினைஞன். பூச்சித் தூண்டில் வீசும் முறையை உடன்பணியாளர் ஒருவரிடம் புதிதாகக் கற்றிருந்தேன். நம் கல்லூரியில் எனக்கு நான்கு வகுப்புக் கீழே படித்த தம்பியொருவர் அப்போதுதான் அங்கு மாற்றலாகி வந்திருந்தார். விடுமுறை கிடைத்தது, காலத்தைச் சிந்தியாமல் அவரையும் அழைத்துக்கொண்டு, நுவரெலியாவுக்கு அணித்தான ஓர் ஓடைக்குச் சென்றேன். நாங்கள் நின்ற இடத்தில் தூறலும் இல்லை. தேயிலை மலையிலிருந்து இறங்கிவந்த தொழிலாளப் பெரியவர் ஒருவர் எங்களைக் கண்டு நின்றார்.

“ஐயா, மேமலை இருண்டு கெடக்கு. ஆத்துல எறங்காதீங்க. மேல பேஞ்ச தண்ணி இங்க வந்து அள்ளிட்டுப் போயிரும்” என்றார்.

படித்தவன் என்ற செருக்கு என்னிடம் இருந்தது. “கொஞ்ச நேரந்தான் பெரியவர்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நான் இறங்கவே தம்பியும் இறங்கினார். கால் நாழிகை சென்றிருக்கும். முதலிலே நீரின் நிறம் மாறியது. தேநீர்ச் சாயம்போல் ஆயிற்று. அடுத்துச் சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. இவை வெள்ளத்தின் தூதர் என்பதை அன்று அறியேன். “அண்ணை, தண்ணி குளிருது, கூடுது போலக் கிடக்கு” என்று தம்பி சொல்லி வாய் மூடுமுன் அவர் கால் பெயர்ந்தது. ஒரு முழம் உயர்ந்த நீர் ஓர் ஆளைப் புரட்டும் என்று அன்று கண்டேன். எம்மைவிட்டு அகலாது கரையிலே நின்ற அப்பெரியவர், மூங்கிற் கழியொன்றை நீட்டி, வளைவிலே பாறையோடு மோதிய தம்பியைப் பற்றி இழுத்துக் கரைசேர்த்தார். உயிர் தப்பியது, முழங்காற் சில்லு உடைந்தது. அதிலிருந்து அவர் ஓடவில்லை, பந்தாடவில்லை. கல்லூரி உதைபந்தாட்டக் குழுவில் ஆடியவர் அவர். என்னை அவர் ஒருநாளும் நொந்து பேசியதில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனை. வாடை பிறக்கும்போது அவருக்கு அக்கால் நோகும். அவர் கால் நோகும் என்று நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நோகும்.

அப்பெரியவருக்கு யாம் கொடுக்க நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. “சொன்னா கேக்கணும் ஐயா” என்று மட்டும் சொல்லிச் சென்றார். அவரிடம் சான்றிதழ் எதுவும் இல்லை. ஆனால் அம்மலையின் பருவத்தை முற்றாகப் படித்திருந்தார்.

நம் கரைகளிலும் இத்தகைய கல்வி உண்டு. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என நாற்றிசைக் காற்றுக்கும் பெயரிட்டு, அவற்றைக் கொண்டே நம் கடற்றொழிலாளர் ஆண்டை அளப்பர். வாடைக்கு வடமராட்சியின் வடகடல் கொந்தளிக்கும். சோளகத்துக்கு அது அடங்கும். பருவத்துக்கேற்ப ஒரு கரைவிட்டு மறுகரைக்குப் போய் வாடி அமைத்துத் தொழில் செய்வோரும் நம் நாட்டிற் பலர். தமிழ்நாட்டிலோ 2001ஆம் ஆண்டு முதல், மீன் இனம் பெருகற்பொருட்டு, கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் தடைக்காலம் உண்டு. முன்பு 45 நாளாயிருந்தது 2017 முதல் 61 நாளாயிற்று. ஏப்பிரல் 15இல் தொடங்கி யூன் 14இல் முடிவது. இழுவைமடியை நம் நாட்டுச் சட்டம் 2017இல் அறவே தடுத்தது. காலமும் இடமும் பாராது கடலடியை வாரும் அம்மடியினால் நம் வடகரை மக்கள் அடைந்த இழப்பை நான் விரித்தெழுத வேண்டுவதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு மீன் பிடிப்பவனே பருவத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்றால், பொழுதுபோக்குக்குத் தூண்டில் எடுப்பவன் எத்துணை மடங்கு கட்டுப்பட வேண்டும்!

இங்கு இன்னொரு வினா எழும். அதனை மறைத்துச் செல்லுதல் நேர்மையன்று. “சைவ மாணவர்க்கு மீன்பிடி விளையாட்டாகலாமோ? புலால் மறுத்தலும் அக்குறளில்தானே உள்ளது?” என்று பெரியோர் கேட்பர். உண்மை. மீனுக்கு நோகாது என்று வாதிட யான் முன்வரேன். பிடித்து விட்டுவிடுகின்றோம் என்பதும் முழு விடையாகாது. ஆயினும் நம் பெரியபுராணம் நாகைக் கரையிலே அதிபத்தர் என்னும் பரதவரை நாயனாராக வைத்துப் போற்றுகின்றது. அவர் நாடோறும் கிடைத்த மீன்களில் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலே விட்டவர். ஒரே மீன் கிடைத்து வறுமை வாட்டிய நாளிலும் அதனை விட்டவர். இறுதியிற் பொன்மீன் கிடைத்தபோதும் விட்டவர். மீன்பிடித்தலை அவர் விட்டுவிடவில்லை. பிடித்தலுக்குள்ளே விடுதலை வைத்தார். பருவமறிதலும் அத்தகைய விடுதலையே என்பேன். ஆண்டின் பெரும்பகுதியை மீனுக்கும் மழைக்கும் விட்டுக்கொடுத்து, தக்க சில நாள்களை மட்டும் நமக்கென்று கேட்டுப் பெறுகின்றோம்.

ஆகவே, பயணத்தை ஏற்பாடு செய்யும் அன்பர்க்கு என் வேண்டுகோள் இவை. முதலாவதாக, விடுமுறையைப் பார்த்து நாளைக் குறியாதீர். நாளைக் குறித்தபின் அதற்கேற்ப இரண்டு நாள் விடுப்பு வேண்டுங்கள். மாசியில் ஒரு வார இறுதியை ஒதுக்குங்கள். சிவராத்திரி விரதத்தோடு அது மோதாதிருக்கட்டும். இரண்டாவதாக, இடத்தை விசாரியுங்கள். ஹோட்டன் சமவெளி 1988 முதல் தேசிய வனம். 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதியுமாகும். அங்கே நம் மனம்போனபடி தூண்டில் எடுத்தல் கூடாது. எவ்விடத்தும் உரியோரின் அனுமதி பெற்ற பின்னரே கோலை விரியுங்கள். மூன்றாவதாக, வானவில் ட்றவுட் குளிர்காலத்தை ஒட்டி முட்டையிடும் இயல்புடையது. சரளைக்கல்லைக் கிளறிக் குழிசெய்து அதிலே முட்டையிடும். நாம் நல்லகாலம் என்று போகும் நாள் அதற்குப் பேறுகாலமாகவும் இருத்தல் கூடும். உள்ளூராரைக் கேளுங்கள், அத்தகைய இடமென்று சொன்னால் அந்நீரை மிதியாமல் திரும்புங்கள். நான்காவதாக, காலையிற் சென்று நண்பகலில் கரையேறுங்கள். நீர் நிறம் மாறினாலும், சருகு மிதந்தாலும், மேமலை இருண்டாலும், மறுசொல் இன்றிக் கரையேறுங்கள். ஐந்தாவதாக, அங்கே தேயிலை மலையிலிருந்து இறங்கிவரும் ஒருவர் ஒரு சொல் சொன்னால், பேராசிரியரின் சொல்லாக அதனைக் கேளுங்கள்.

அண்மையில் ஒரு மாசி மாதம், அந்தத் தம்பியின் பேரனை அழைத்துக்கொண்டு மலைநாடு சென்றேன். தம்பி வரவில்லை, “அண்ணை, நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ” என்று சொல்லிப் பிள்ளையை என்னிடம் ஒப்படைத்தார். அச்சொல்லிலே இருந்த நம்பிக்கையை எண்ணி அன்றிரவு நான் உறங்கவில்லை. உரிய அனுமதியோடு ஓர் ஓடைக்குப் போனோம். நான் கட்டிய பூச்சியின் முள்ளை நுனியிலே குறடால் முறித்திருந்தேன். தெளிந்த நீரிலே அதனை இறக்கினான் பையன். அடியிலிருந்து ஒரு நிழல் எழுந்தது. வாய் திறந்து கொத்தியது. பொய்யென்று கண்டு உமிழ்ந்துவிட்டு மீண்டது. “தாத்தா, பிடிபடேல்லை!” என்றான். “பார்த்தாய் அல்லவோ, போதும்” என்றேன். நண்பகலாகுமுன் இருவரும் கரையேறினோம். கால் நனைந்ததன்றி வேறு சேதம் இல்லை. அன்று மாலையே அவன் பாட்டனாரோடு தொலைபேசியிற் பேசி, பிள்ளை நலம் என்று முதலிலும், மீன் பிடிபடவில்லை என்று பின்னரும் சொன்னேன்.

நம் கல்லூரி அன்னை தன் பிள்ளைகளைத் தக்க பருவத்தில் தக்க இடத்துக்கு அனுப்பி, அனைவரையும் நலமே மீட்டுக்கொள்வாளாக.